ஸ்பிளிண்டுக்கு முன்னால்

பாதத்தொய்வோடு வருபவரை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். முழங்காலை உயரத் தூக்கி, பாதம் தரையில் தட்டென்று விழ நடப்பார். அடையாளம் காண்பது எளிது என்பதாலேயே நம் துறையில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது: சீட்டில் 'ஃபுட் டிராப்' என்றிருந்தால் அடுத்த வரி ஏஎஃப்ஓ. நரம்பு எங்கே பழுதுபட்டது என்று பார்க்காமல் எழுதப்படும் ஸ்பிளிண்ட், சில நோயாளிகளுக்கு உதவாது. சிலருக்குக் கெடுதலே செய்யும்.

ஒரே தசையைக் கவனித்தாலே பாதி விடை கிடைக்கும். கணுக்காலை நேர்நிலையில் தாங்கிப் பிடித்து, பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும். டிபியாலிஸ் போஸ்டீரியர் வலுவாக இருந்தால் பழுது பெரும்பாலும் ஃபிபுலாவின் கழுத்தருகே, பெரோனியல் நரம்பில். அதுவும் தளர்ந்து, இடுப்பைப் பக்கவாட்டில் விரிக்கும் வலுவும் குறைந்திருந்தால் எல்5 நரம்பு வேரைச் சந்தேகிக்கலாம். கணுக்கால் அனிச்சை மிகையாக இருந்தால் பழுது தண்டுவடத்திலோ மூளையிலோ இருக்கலாம். இந்த வேறுபாடு சிகிச்சையையே மாற்றுகிறது. விலை உயர்ந்த மின்தூண்டல் கருவிகள் பக்கவாத நோயாளியின் பாதத்தைத் தூக்குவது, கீழே உள்ள நரம்பு நலமாக இருப்பதால்தான். பெரோனியல் நரம்பே முற்றிலும் செத்திருந்தால் அந்தக் கருவி வீண் செலவு. ஃபிபுலா கழுத்தில் நரம்பு தடித்துக் கைக்குத் தட்டுப்பட்டால் தொழுநோயை நினைக்க வேண்டும். தேசிய அளவில் தொழுநோய் ஒழிப்பு இலக்கை எட்டியதாக 2005-இல் அறிவித்த பின்னும், உலகின் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில்தான் கண்டறியப்படுகிறார்கள். நரம்புப் பாதிப்பு ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால் ஸ்டீராய்டுக்குப் பலன் கிடைக்க வாய்ப்புண்டு; ஸ்பிளிண்டைக் கட்டி அனுப்பிவிட்டால் அந்த அவகாசம் கைநழுவும். அது கடந்துவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. பாதத்தைத் தூக்க அறுவை மருத்துவர்கள் இடம்மாற்றுவதும் அதே டிபியாலிஸ் போஸ்டீரியரின் தசைநாணைத்தான். அது வலுவாக உள்ளதா என்பதை முதல் நாளே குறித்துவைத்தவர் அந்த அறுவைக்கும் அடித்தளம் போட்டவராகிறார்.

கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். கருவி எதுவும் வேண்டாம், சில நிமிடங்கள் போதும். நரம்புக் கடத்தல் சோதனை சொல்லிவிடுமே என்பது இன்னொரு வாதம். அறுபட்ட நரம்பின் கீழ்ப்பகுதி முதல் சில நாட்களுக்கு வழக்கம்போலவே கடத்தும். ஊசிமுனை இஎம்ஜியில் நரம்பிழப்பு தெளிவாகத் தெரிய மூன்று வாரம்வரை ஆகும். முதல் வாரத்து அறிக்கையை நம்பி ஏமாந்தவர்கள் நம்மில் குறைவில்லை. நோயாளி தடுக்கி விழுவார், கெண்டைத்தசை இறுகும், ஆகவே ஸ்பிளிண்ட் காத்திருக்க முடியாது என்ற மறுப்பில் மட்டும் உண்மை இருக்கிறது. அன்றே கொடுக்கலாம்; ஆனால் 10 கிராம் மோனோஃபிலமென்டால் உணர்ச்சியைச் சோதித்த பிறகு. தொழுநோயாலோ சர்க்கரை நோயாலோ மரத்துப்போன காலில் கடினமான பிளாஸ்டிக் விளிம்பு உரசினால் வலிக்காது, புண்தான் வரும்.

ஆகவே துறைத் தலைவர்களிடம் ஒரு கோரிக்கை: ஏஎஃப்ஓ பரிந்துரைப் படிவத்தில் பாதத்தை உள்திருப்பும் வலு, இடுப்பை விரிக்கும் வலு, அனிச்சை, உணர்ச்சி ஆகிய நான்குக்கும் கட்டங்கள் சேருங்கள். அவை நிரம்பாத படிவத்தை ஸ்பிளிண்ட் பட்டறை திருப்பி அனுப்பட்டும்.