தலைவரும் ஒருநாள் மாணவரே

“படிப்பை இடையில் துறந்தவர் எவ்வாறு தலைவரானார்?” காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் அவர்களைப் பற்றி, அடி அண்ணாமலையிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர் வகுப்பில் தொடுத்த வினா இது. விடைகாண உளவியல் துணைபுரிகிறது.

மனித வளர்ச்சியை எட்டுப் படிநிலைகளாகப் பகுத்தவர் எரிக் எரிக்சன். ‘நான் யார்?’ என்பது இளமையின் வினா. ‘அடுத்த தலைமுறைக்கு என்ன தருவேன்?’ என்பது நடுவயதின் வினா. 1896இல் பிறந்த காயிதே மில்லத், 1920இல் ஒத்துழையாமை இயக்கத்திற்காகக் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். முதல் வினாவுக்கு 24 வயதில் அவர் தந்த விடை அது. நாடு பிரிந்தபின் கலங்கி நின்ற சமுதாயத்தை இங்கேயே இருந்து வழிநடத்தினார். 1949இல் அரசியல் நிர்ணய சபையில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்தார். இரண்டாம் வினாவுக்கு 53 வயதில் அவர் தந்த விடை இது. இஸ்லாமியர், தமிழர், இந்தியர் என்னும் மூன்றும் அவருள் முரணின்றி முதிர்ந்தன.

ஆயினும் கோட்பாடு ஓர் அளவுகோலே. இறையச்சத்தையும் காலச்சூழலையும் விடுத்து அவரை அளத்தல் இயலாது. தலைவரை வானளாவப் புகழ்ந்து தொலைவில் நிறுத்துவதினும், அவர் வளர்ந்த வழியை அறிவதே பயனுடைத்து.

மாணவச் செல்வங்களே! நீங்கள் பின்பற்ற வேண்டியது அவர் படிப்பைத் துறந்ததை அன்று. தாம் யாரெனத் தெளிந்த துணிவையே.