மறைநீர்க் கணக்கு

மேல்கடலை நோக்கி ஓடிய பெரியாற்றை அணையிட்டுத் தடுத்து, மலையில் சுரங்கம் குடைந்து, 1895-ஆம் வருஷத்தில் மதுரைச் சீமைக்குத் திருப்பினார்கள். அவ்வணையில் எத்தனை அடி தண்ணீர் நிறுத்தலாம் என்னும் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரையில் சென்று, 142 அடி நிறுத்தலாமென்று 2014-ல் தீர்ப்பாயிற்று. ஓரோர் அடிக்கும் இவ்வளவு வாதாடும் நாம், வந்து சேர்ந்த தண்ணீர் எவ்வழியாய் வெளியேறுகிறதென்று விசாரிப்பதில்லை.

தண்ணீர் ஆற்றின் வழியாக மாத்திரம் வெளியேறுவதில்லை. அரிசி மூட்டையாகவும், சர்க்கரையாகவும், துணிப் பொதியாகவும் லாரியேறிப் போகிறது. ஒரு கிலோ அரிசி நம் கைக்கு வர, உலக சராசரியில் சுமார் 2,500 லிட்டர் நீர் செலவாகிறது. பருத்திச் சட்டை ஒன்றுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. லண்டன் பேராசிரியர் டோனி ஆலன் 1990-களில் எடுத்துக் காட்டிய இவ்வுண்மைக்கு, டச்சு அறிஞர் ஹோக்ஸ்ட்ரா 2002-ல் அளவுமுறை வகுத்தார். தமிழில் இதனை மறைநீர் என்கிறோம்.

கங்கைகொண்டானிலுள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் வழங்குவதற்கு மதுரை ஹைகோர்ட் கிளை 2016-ல் இடைக்காலத் தடை விதித்து, 2017 மார்ச்சில் அதனை நீக்கியது. அம்மாதமே வணிகர் சங்கங்கள் அந்நியக் குளிர்பானங்களைப் பகிஷ்கரித்தன. அக்கிளர்ச்சியின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்று ஜனங்கள் எண்ணியது புட்டிக்குள் தெரிந்த தண்ணீரை மட்டுமே. இத்தகைய அரை லிட்டர் பானத்திற்கு, சர்க்கரையின் வகையையும் அது விளைந்த தேசத்தையும் பொறுத்து, 169 முதல் 309 லிட்டர் வரை செலவாகுமென்று ஹோக்ஸ்ட்ராவும் அவரைச் சேர்ந்தோரும் 2011-ல் கணக்கிட்டனர். இதில் ஆலைக்குள் செலவாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதில் பெரும்பங்கு சர்க்கரை முதலிய மூலப்பொருள்களுக்கான பயிர்கள் குடித்தது. உள்நாட்டார் ஆலையில் செய்தாலும் இக்கணக்கு மாறாது.

மறைநீர் முழுவதும் ஆற்று நீரன்று, மழை நீரும் அதிலடக்கம் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். உண்மையே. மழை மிகுந்த நாட்டில் அதனால் நஷ்டம் சொற்பம். மதுரைச் சமவெளியிலோ, கரும்புக்கும் நெல்லுக்கும் மழை போதாத பங்கைக் கால்வாயும் கிணறுமே ஈடுகட்ட வேண்டும். அப்பொழுது முதலில் வறள்வது மேலூர்க் கடைமடையும், அதற்கப்பால் இராமநாதபுரத்துக் கண்மாய்களுமே.

இதற்குக் குடியானவனைக் குற்றம் சொல்வது அநியாயம். நிச்சயமாக விலைபோகும் பயிரை அவன் இடுகிறான். கரும்புக்கு விலை நிர்ணயிப்பதும், நெல்லைக் கொள்முதல் செய்வதும் சர்க்கார். திருமங்கலம், பேரையூர்க் கரிசலில் மழையை நம்பி விளையும் குதிரைவாலிக்கும் சோளத்திற்கும் அதே உறுதி அளிக்கப்படுமாயின், அவன் தானே பயிரை மாற்றிக்கொள்வான்.

தேசத்தின் செல்வம் கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறுவதைத் தாதாபாய் நௌரோஜி அந்நாளில் கணக்கெடுத்துக் காட்டினார். அக்கணக்கே சுதேசிய இயக்கத்திற்கு ஆயுதமாயிற்று. இன்று தண்ணீருக்கும் அத்தகைய கணக்கு வேண்டும். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் அனுமதி வழங்குமுன், ஒவ்வொரு பயிருக்கும் விலை விதிக்குமுன், அதனால் செலவாகும் நீர் எவ்வளவு, எந்த ஆற்றினது, எவர் பங்கிலிருந்து குறைவது என்பதைச் சர்க்கார் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அணையின் உயரத்திற்காகப் போராடிய ஊழியர்கள் இக்கோரிக்கையையும் கையிலெடுப்பார்களென்று எதிர்பார்க்கிறோம்.