அச்சேறாத வெற்றிகள்

'மெக்வாரியர்' கணினி விளையாட்டில், மாடி வீட்டளவு உயர்ந்த போர் இயந்திரத்துக்குள் அமர்ந்து எதிர்கால அரசுகளுக்காகச் சமர் புரியவேண்டும். 1984இல் அமெரிக்காவின் ஃபாசா நிறுவனம் வெளியிட்ட 'பேட்டில்டெக்' பலகை விளையாட்டிலிருந்து விரிந்த புனைவுலகம் அது. அவ்வுலகில் ஒரு விதி உண்டு: அச்சிட்ட நாவல்களும் கையேடுகளும் சொல்வதே அதிகாரபூர்வமான வரலாறு; கணினியில் ஆடிப் பெற்ற வெற்றி கணக்கில் சேராது. 2018இல் வந்த கணினி விளையாட்டுக்கென உருவாக்கப்பட்ட ஆரிகன் கூட்டமைப்பு என்ற நாடுகூட, நூலாக அச்சேறியதால்தான் 'உண்மை' ஆயிற்று.

இதைச் சிறுபிள்ளைச் சச்சரவு என நகைக்கும் இலக்கிய நண்பர்களோடுதான் எங்கள் வழக்கு. ஏனெனில் அதே விதியை அவர்கள் வடசென்னைமீது சுமத்துகிறார்கள்.

ராயபுரம், காசிமேடு பகுதிகளில் 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' பல தலைமுறைகளாக நிகழ்ந்தது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் கதைகள் வாத்தியார்களின் வாய்மொழியிலேயே வாழ்ந்தன. 2021இல் பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வெளியானது. நெருக்கடிநிலைக் காலத்தைக் களமாகக் கொண்ட அப்படத்தின்மீது எங்களுக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை; அது தன்னைப் புனைவென்றே முன்வைத்தது. ஆனால் இன்று கற்பனைக் கபிலனும் வேம்புலியும் சான்றாகிறார்கள். மெய்யாகவே மேடையேறிய முதியவரின் நினைவோ 'ஆதாரமற்றது' என ஒதுக்கப்படுகிறது.

நினைவு பிழைபடும், ஒவ்வொரு பரம்பரையும் தானே வென்றதாகச் சொல்லும் என்பார்கள். மறுக்கவில்லை. ஒரே சண்டைக்கு இரண்டு வெற்றியாளர்கள் இருப்பதுதான் அவ்வரலாற்றின் சுவையும் மெய்யும். அச்சு மட்டும் தூய்மையானதா? ஜப்பானிய அனிமேஷன் தொடரிலிருந்து பெற்ற இயந்திர உருவங்களை, உரிமை வழக்கின் விளைவாக 1996இல் ஃபாசா தன் நூல்களிலிருந்து விலக்கிக்கொண்டது. அவ்வியந்திரங்கள் கதையில் தொடர்ந்தன. படங்கள் மட்டும் மறைந்தன. ரசிகர்கள் அவற்றைக் 'காணப்படாதவை' என்றே அழைத்தார்கள். ஆக, அதிகாரபூர்வம் என்பதைத் தீர்மானிப்பது உண்மையன்று, உடைமை.

விளையாட்டில் தோற்றவன் மறுபடி ஆடிக்கொள்ளலாம். எழுபதுகளில் மேடையேறியவர்களுக்கு அவ்வசதி இல்லை. ஒவ்வோராண்டும் ஒருவர் குறைகிறார். ஆவணம் கேட்கும் நண்பர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு காசிமேட்டுக்கு வரட்டும். முரண்களைத் திருத்தாமல், இரு தரப்பையும் அப்படியே பதியட்டும். அதைச் செய்யாதவர்களுக்கு, எங்கள் பெரியவர்களின் சொல்லை ஆதாரமற்றதென்று தள்ளும் தகுதி இல்லை.