டாக்டர் கேட்ட முதல் கேள்வி



கலவை ஊரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் தையல் வேலை. படியேறினால் மூச்சு வாங்கியது, இரவில் படுத்தால் இருமல். "தோல் நெடிதான் காரணம்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். நம் பக்கத்தில் மூச்சுத் திணறல் என்றாலே பழி தோல்மேல்தான் விழும். எக்கோ எடுத்தபோதுதான் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. சிறுவயதில் தொண்டை வலியைத் தொடர்ந்து மூட்டுகள் வீங்கி ஒரு காய்ச்சல் வந்ததாம். அந்த வாதக் காய்ச்சல் விட்டுப்போன வடு இது.

பலூன் போட்டு விரிக்க முடியாத அளவுக்கு வால்வு கெட்டுப்போயிருந்தது. முதலில் பார்த்தவர் பெயர்பெற்ற டாக்டர். ஐந்தே நிமிடத்தில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார். இரண்டாவது டாக்டர் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "இன்னும் குழந்தை பெத்துக்கணும்னு இருக்காம்மா?"

இந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. கெட்ட வால்வுக்குப் பதிலாக வைக்கும் உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிட வேண்டும். அவை கருவிலிருக்கும் பிள்ளையைப் பாதிக்கக்கூடியவை. விலங்குத் திசுவில் செய்த திசு வால்வு என்றால் பலருக்குச் சில மாதங்களில் அந்த மாத்திரையை நிறுத்திவிடலாம். ஆனால் இளவயதில் அது சீக்கிரம் கெடும், மறு ஆபரேஷன் வரும். சகோதரி அதைத் தெரிந்தேதான் திசு வால்வைத் தேர்ந்தெடுத்தார். தன் வாழ்க்கையைக் கேட்டுவிட்டு நெஞ்சைத் திறந்த டாக்டரையும்தான்.

கைராசியை மட்டும் விசாரித்துப் போகாதீர்கள். இந்த ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், என் வால்வை மாற்றாமலே சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். பன்றித் திசுவா மாட்டுத் திசுவா என்பதையும் கூச்சப்படாமல் கேட்கலாம். நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அது பெரிய விஷயம், டாக்டர்களுக்கும் அது தெரியும்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் 1940களின் இறுதியிலேயே வேலூர் சி.எம்.சி.யில் நெஞ்சு அறுவைத் துறையைத் தொடங்கினார். நாட்டின் முன்னோடித் திறந்த இதய ஆபரேஷன்களை டாக்டர் கோபிநாத் 1960களின் தொடக்கத்தில் அங்கேதான் செய்தார். பக்கத்து மாநிலத்தின் திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா செயற்கை வால்வு 1990 முதல் மனித இதயங்களில் துடிக்கிறது. வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது. செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். கம்பெனியில் பிடிக்கும் ஈ.எஸ்.ஐ.யிலும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் வால்வு ஆபரேஷனுக்கு வழியிருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு சகோதரியிடம், இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு இருமச் சொன்னார்களாம். நெஞ்செலும்பு கூடும்வரை குடம் தூக்கக் கூடாது. உலோக வால்வு வைத்தவர்கள், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை ஒருபோதும் தவறவிடக் கூடாது. அவர்கள் முருங்கைக்கீரையை ஒருநாள் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் அடியோடு விட்டால் மாத்திரைக் கணக்கே மாறிவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் அவர்களுக்கு ஆபத்து.

பிள்ளைகளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வாதக் காய்ச்சல் என்று சொல்லி மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி எழுதிக் கொடுத்தால், கொலுசு போட்ட கால் உதைத்து அழுதாலும் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

உங்கள் வீட்டில் வால்வு ஆபரேஷன் ஆனவர்கள் இருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்