பங்கு போட்ட மலை

பழநி என்றதும் நம் இளைஞனுக்கு நினைவில் எழுவன யாவை? காவடி, மொட்டை, பஞ்சாமிர்தம்! கோடைக்கானல் என்றாலோ ஏரி, படகு, குதிரைச் சவாரி! ஒரே மலைத்தொடரின் அடிவாரத்தைப் பக்திக்கும் உச்சியை உல்லாசத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தோம். அறிவுக்கு ஒரு முழ இடமேனும் விட்டோமா?

விட்ட இடத்தில் வேலை செய்தவர் வேற்று நாட்டார். 1895-இல் செண்பகனூரில் இயேசு சபையார் கல்லூரி கண்டனர். அங்கு வாழ்ந்த ஆங்லாத் பாதிரியார் மலையின் செடிகொடிகளை வண்ணத்தில் தீட்டினார். நியூட்டன் பாதிரியாருடன் சேர்ந்து கல்திட்டைகளை ஆராய்ந்தார். 1928-இல் அது தொல்பொருள் துறை வெளியீடாயிற்று. 1908-இலேயே பளியர் குறித்து எழுதினார் டாமன் பாதிரியார். 1909-இல் கோடைக்கானல் கூடத்திலிருந்து கதிரவனின் கரும்புள்ளிகளை நோக்கிய எவர்ஷெட், அங்கே வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டு சொன்னார். மதம் பரப்ப வந்தவர்தாமே பாதிரிமார் என்று ஏசுவார் ஏசட்டும், நானும் ஏசுவேன். ஆனால், கல்லை ஆராய்ந்தவன் அவன். அதற்குக் கற்பூரம் காட்டியவர் நாம்!

நம் மேடைகளும் இதில் குற்றமற்றவை அல்ல. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் கதையை ஆயிரம் முறை முழங்கினோம். அவன் நாட்டு மக்கள் எதை விதைத்தனர், எவ்வழியே மலையேறினர் என்று எத்தனை முறை கேட்டோம்?

ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு மொழி, வரலாறு, மானிடவியல், பொருளியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் ஆய்வதற்கு வட்டார ஆய்வு என்று பெயர். அமெரிக்கர் இதில் முந்திக்கொண்டனர். 1948-இல் பென்சில்வேனியாவில் நார்மன் பிரவுன் தெற்காசியத் துறையைத் தொடங்கினார். 1958-இல் இத்தகைய துறைகளுக்குப் பணம் தந்த சட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம்! தன் தேவைக்காக அவன் நம்மைப் படித்தான். நம் தேவைக்கு நம்மைப் படிப்பவர் யார்?

தேவை என்ன என்கிறீர்களா? பாதரசத்தைக் கேளுங்கள். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்து வரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை, 1980-களில் கோடைக்கானலில் குடியேறியது. பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. பாதரசம் படிந்த உடைசல் கண்ணாடி பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது 2001-இல் அம்பலமாக, ஆலை மூடப்பட்டது. உடல் நலிந்தோம் என்று முறையிட்ட தொழிலாளருக்காக, 591 பேருக்கான உடன்பாடு கையெழுத்தானது 2016-இல்! பதினைந்து ஆண்டுகள் ஏன்? வேதியியலார் உலோகத்தை அறிவார், உழைப்பாளியை அறியார். மருத்துவர் சிறுநீரகத்தை அறிவார், சோலைக்காட்டை அறியார். வழக்கறிஞர் சட்டத்தை அறிவார், மண்ணை அறியார். முதலாளிக்கு மட்டும் எல்லாம் ஒரே கணக்கில் வரும்!

அடிவாரத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? போகர் ஒன்பது நஞ்சைக் கூட்டிச் சிலை செய்தார், அதைத் தொட்ட நீர் நோய் தீர்க்கும் என்று பூரித்துக்கொண்டிருந்தோம். கற்பனை நஞ்சுக்கு அபிடேகம், கண்ணெதிர் நஞ்சுக்கு மௌனம்!

புல்வெளியின் கதையும் இதுவே. வெற்றுத் தரிசு என்று எண்ணி, சீகை மரத்தையும் தைலமரத்தையும் பைனையும் நட்டார்கள். தோலுக்குப் பட்டை, ஆலைக்குக் கூழ் என்பது கணக்கு. மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைக்கு விடுவது அந்தப் புல்தான் என்பது கணக்கில் இல்லை. நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரு பங்கு அழிந்ததை, 2018-இல் வெளியான ஆய்வு செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு காட்டியது. அழிந்த பின் அளந்தோம்!

1984-இல் தோன்றிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அம்மலையின் மேலேயே நிற்கிறது. மண்ணும் மருத்துவமும் மொழியும் சட்டமும் ஒரே மேசையில் அமரும் மலைத்துறை அங்கே வளரட்டும். பளியர் வீட்டுப் பெண் அம்மேசையில் ஆய்வாளராக அமரட்டும். ஆய்வுப் பொருளாக அவர்கள் இருந்த காலம் போதும். குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். முதல் அறிக்கைக்கு அதையே கெடுவாக வைப்போம்.