நிலமுடையோரும் நீரிழிவும்

நீரிழிவு பட்டணவாசிகளின் வியாதி, வயலில் இறங்குகிறவனை அண்டாது என்று கிராமங்களில் வெகுகாலமாக ஒரு நம்பிக்கை இருந்து வருகிறது. ஒரு காலத்தில் அதற்கு ஆதாரம் இருந்தது, இப்பொழுது இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மட்டுமே வயதுவந்தோரில் 100-க்கு ஏறக்குறைய 8 பேருக்கு இவ்வியாதி காணப்பட்டது. அவ்வாய்வின் முழுக் கணக்கு 2023-ல் வெளிவந்தபொழுது, தேசமெங்கும் சுமார் 10 கோடிப் பேர் இதற்கு ஆளானதாகத் தெரிந்தது. குடும்ப வழியாக வரும் தன்மை இதற்கு உண்டு. ஆயினும் பாட்டன் முப்பாட்டன் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது நியாயமாகாது.

ஏற்றமும் கமலையும் போய் மோட்டார் பம்பு வந்தது. ஏர் போய் டிராக்டரும், அரிவாள் போய் அறுவடை இயந்திரமும் வந்தன. இவை வந்ததில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் முன்பு நாள்தோறும் வரப்புகளைச் சுற்றி நடந்த நிலச்சொந்தக்காரர் இன்று மோட்டார் சைக்கிளில் மடை வரை சென்று, இறங்காமலே பார்த்துத் திரும்புகிறார். தசைகள் உழைக்கும்பொழுதுதான் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தாராளமாக இழுத்துக்கொள்கின்றன. உழைப்பற்ற தசையும் வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. உழைப்பு குறைந்தும் சோற்றின் அளவு குறையவில்லை. ஏர் உழுத பாட்டனுக்கு இட்ட சோறே, நாற்காலியில் அமர்ந்திருக்கும் பேரனுக்கும் இலையில் விழுகிறது.

அந்தச் சோறும் பழைய சோறு அன்று. 100 கிலோ நெல்லில் உமி சுமார் 20 கிலோ. தவிடு 8 கிலோ அளவில் இருக்கும். உரலில் குத்திய அரிசியில் தவிட்டின் ஒரு பகுதியேனும் ஒட்டியிருந்தது. மில்லில் வெண்மைக்காகத் தீட்டும்பொழுது அதுவும் போய்விடுகிறது. இத்தீட்டலின் தீங்கு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1918-ல் குன்னூரில் டாக்டர் மக்காரிஸன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய காலத்திலேயே பேசப்பட்டது. தவிட்டை மாட்டிற்கு வைத்துவிட்டு வெறும் மாவுச்சத்தைத் தமக்கு வைத்துக்கொள்பவர், நல்ல பங்கை மாட்டிற்கே கொடுக்கிறார் என்பதே உண்மை. தவிடும் நாரும் நீங்கிய அரிசி விரைவில் ஜீரணமாகிச் சர்க்கரையாய் இரத்தத்தில் ஏறுகிறது.

இதைக் கேட்டுச் சிலர் உடனே கேழ்வரகுக்கும் சாமைக்கும் மாறி, மருந்து உண்டதாகவே எண்ணிக்கொள்கின்றனர். கேழ்வரகை மாவாக அரைத்து, சலித்து, கஞ்சியாய்க் காய்ச்சி, வெல்லமும் கூட்டிப் பருகினால் அதுவும் சர்க்கரையை விரைவில் ஏற்றவே செய்யும். எத்தானியமானாலும் அளவு குறைந்து, இலையில் காய், கீரை, பயறு ஆகியவற்றின் பங்கு கூடவேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையைவிடத் தீங்கற்றவை என்பதும் வீண் சமாதானமே. கடைத்தெருவில் நாளொன்றுக்கு 5 டம்ளர் டீ, ஒவ்வொன்றிலும் 2 தேக்கரண்டி சர்க்கரை என்றால், 40 கிராமுக்குக் குறையாத சர்க்கரை கணக்கின்றி உள்ளே செல்கிறது. பீடி, சிகரெட்டும் இந்நோய்க்கு வழிகோலுவன.

பழக்கத்தை மாற்றினால் பயன் உண்டா என்பது சென்னையிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. டாக்டர் இராமச்சந்திரனும் அவரது குழுவினரும் நோயின் வாயிலில் நின்ற 531 பேரைச் சுமார் 3 ஆண்டுகள் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் இருந்தவர்களில் 100-க்கு 55 பேர் நீரிழிவுக்காரராயினர். நாள்தோறும் அரைமணி நேர நடைக்கும் உணவு மாற்றத்திற்கும் உட்பட்டவர்களில் 39 பேரே அவ்வாறாயினர். மாத்திரை பெற்றவர்களுக்குக் கிடைத்த பயனும் ஏறத்தாழ அவ்வளவே. இரண்டையும் சேர்த்துக் கைக்கொண்டவர்கள் அதற்குமேல் பெறவில்லை. செலவில்லாத முறை செலவுள்ள முறைக்கு ஈடாக நின்றது என்பதை, கணக்குப் பார்க்கும் விவசாயிகள் கவனிக்கவேண்டும்.

விவசாயிக்கு இதில் தனி அபாயம் ஒன்று உண்டு. நீண்ட நாள் நீரிழிவில் பாதம் மரத்துப்போகும். சேற்றில் வெறுங்காலுடன் நிற்பவனுக்கு முள் தைத்ததும் தெரியாது, புண் வைத்ததும் தெரியாது. தெரியும்பொழுது விரலையோ காலையோ எடுக்கவேண்டிய நிலை வந்திருக்கும். நோய் ஆரம்பத்தில் வலி தருவதில்லையாதலால், சோதித்தாலன்றி வெளிப்படாது. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமை எட்டியிருந்து, மறு சோதனையிலும் அவ்வாறே காணப்பட்டால் நீரிழிவு என்று கொள்வர். ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டியிருப்பின் சோதனையைத் தள்ளிப்போடலாகாது.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும், கிராம சபை கூடும் நாளிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தாரை வரவழைத்து, 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சோதனை நடத்தச் செய்யலாம். தாங்களே முதலில் விரலை நீட்டினால் மற்றவர்கள் தயங்கார்.