மரமஞ்சளும் என் சித்தியும்

"மூலிகைதானே, என்ன ஆயிரப்போவுது?"

இதைக் கேட்டாலே எனக்கு இப்பல்லாம் பி.பி. எகிறுது. காரணம் இருக்கு.

போன வருஷம் தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அஞ்சாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சள். சித்தி உரைகல்லை எடுத்து வச்சு உக்காந்துட்டாங்க. வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய்னு வழக்கமான உரைமருந்து சாமான்களோட நடுவுல பளிச்சுனு மஞ்சளா ஒரு கட்டைத் துண்டு. மரமஞ்சள். "ரெண்டு உரை உரைச்சு நாக்குல தடவுனா போதும் மக்களே, மஞ்சள மஞ்சளே எடுத்துரும்"னாங்க. தங்கச்சி என் முகத்தைப் பாக்கா. எனக்கு என்ன தெரியும்? நானும் பேசாமத்தான் நின்னேன். அப்புறம் என்னவோ தோணி, தடவுறதுக்கு முன்னாடி டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டேன். அவங்க போட்ட சத்தம் இன்னும் காதுல கேக்குது. குழந்தையை உடனே கொண்டு போய் ரெண்டு நாள் நீல விளக்குக்குக் கீழ வச்சோம். இப்போ நல்லா இருக்கா, வீட்டையே தலைகீழாக்கிட்டிருக்கா :-)

அதுக்கப்புறம்தான் இந்த மரமஞ்சளைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். பேர்லதான் மரம், உண்மையில இது கொடி. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இலங்கையோட ஈரக்காடுகள்லயும் பெரிய மரங்களைப் பிடிச்சு மேலே ஏறுற தடிமனான கொடி. சீந்தில் கொடிக்குச் சொந்தக்காரன். இலை பெரிசா, அடிப்பக்கம் வெள்ளி பூசின மாதிரி இருக்கும். தண்டைக் குறுக்கே வெட்டினா வண்டிச் சக்கரத்து ஆரம் மாதிரி கோடுகளோட மஞ்சளோ மஞ்சள். அந்த மஞ்சளுக்கும் கசப்புக்கும் காரணம் பெர்பெரின்.

கைவைத்தியத்துல இதுக்கு நல்ல பேர். புண் கழுவ, காய்ச்சலுக்கு, வயித்துப்போக்குக்கு, சர்க்கரைக்கு. இலங்கையில 'வெனிவெல்' என்பாங்க, கொத்தமல்லியோட போட்டுக் கொதிக்க வச்சு சளி காய்ச்சலுக்குக் குடிக்கிறது அங்க வீட்டுக்கு வீடு வழக்கம். இதெல்லாம் வெறும் கதைன்னு நான் சொல்ல வரல. பெர்பெரின் பல கிருமிகளை அடக்குதுன்னு ஆய்வகத்துல பாத்திருக்காங்க. புண் கழுவுன பாட்டிமார்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னா அது நம்ம திமிர்.

ஆனா அதே இலங்கையில ஆணி குத்தினா ரணஜன்னி வராம இருக்கவும் இதைக் குடிக்கிற வழக்கம் உண்டு. ஆழமான காயத்துக்குள்ள உக்காந்திருக்கிற கிருமியைக் கஷாயம் எப்படிப் போய்ப் பிடிக்கும்? அதுக்கு தடுப்பூசிதான். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

குழந்தை விஷயம் இன்னும் மோசம். ரத்தத்துல இருக்கிற பிலிருபினை ஆல்புமின்னு ஒரு புரதம் பிடிச்சு வச்சிருக்கும். பெர்பெரின் அந்த இடத்துக்குப் போட்டி போட்டுப் பிலிருபினைத் தள்ளி விட்டுடும். தள்ளிவிடப்பட்டது பச்சைக் குழந்தையோட மூளைக்குள்ள போனா ஆயுசுக்கும் பாதிப்பு. இந்தப் பயத்துலதான் சிங்கப்பூர்ல 1978ல பெர்பெரினையே தடை பண்ணாங்க. 2013க்குப் பிறகுதான் படிப்படியா தளர்த்தினாங்க, அப்பவும் பிறந்த குழந்தைக்குக் கொடுக்கலாம்னு யாரும் சொல்லல. மஞ்சளை மஞ்சள் எடுக்கும்ங்கிறது நிறத்தைப் பாத்துச் சொன்ன கணக்கு.

"நம்ம முன்னோர்கள் முட்டாளா?"ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். எங்க ஊர்ல சின்ன வயசுல ஒரு ஆசானைப் பாத்திருக்கேன். போன உடனே மருந்து தர மாட்டார். என்ன வயசு, பிள்ளைத்தாச்சியா, எத்தனை நாளா இருக்கு, வேற என்ன சாப்பிடுறன்னு குடைஞ்சு எடுப்பார். சில பேருக்கு "உனக்கு இது ஆகாது, போ"ன்னு திருப்பி அனுப்புவார். கொடி வெட்டினாலும் கிளையைத்தான் வெட்டுவார், மூட்டைத் தொட மாட்டார். நாம அந்த ஆளோட கேள்விகளை எல்லாம் தொலைச்சிட்டு, கட்டைத் துண்டை மட்டும் வச்சுக்கிட்டு பாரம்பரியம்னு பேசிட்டிருக்கோம்.

அந்தக் கட்டையாவது மிஞ்சுமான்னு பாத்தா அதுவும் சந்தேகம்தான். இந்தக் கொடியில ஆண் வேற, பெண் வேற. வளர்றதுக்குப் பல வருஷம் ஆகும். காட்டுல அடியோட வெட்டி இழுத்துட்டுப் போனா, மிச்சம் நிக்கிறது எல்லாம் ஆணா இருந்தா விதைக்கு எங்க போறது? தென்னிந்தியாவுல இது அழிவின் விளிம்புல இருக்கிற செடிகள் பட்டியல்ல சேர்ந்து வருஷம் பல ஆச்சு. காட்டுல வெட்டினதை ஏற்றுமதி பண்ணவும் தடை.

இன்னொரு கூத்து. நாட்டு மருந்துக் கடையில போய் மரமஞ்சள் கேட்டேன். கொடுத்தார். "எந்தக் காட்டுலருந்து அண்ணாச்சி?"ன்னேன். "வடக்கேருந்து லோடு வருது தம்பி"ன்னார். வடக்கே இருந்து வர்றது பெரும்பாலும் இமயமலைப் பக்கம் வளர்ற முள்ளுச் செடி, ஆயுர்வேதத்துல தாருஹரித்ரான்னு சொல்றது. அதுவும் மஞ்சள், அதுலயும் பெர்பெரின், அதனால கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஆள்மாறாட்டம் புதுசும் இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல கிழக்கு ஆப்பிரிக்காவோட 'கலம்பா' வேருக்குப் பதிலா நம்ம கொடி 'சிலோன் கலம்பா'ன்னு வித்திருக்கு. ஆக, சித்தி உரைகல்லுல வச்சிருந்தது கொடியா, முள்ளுச் செடியான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எதைக் கொடுக்கிறோம்னே தெரியாம அஞ்சு நாள் குழந்தை நாக்குல தடவப் பாத்திருக்கோம்!

சித்திக்கு இன்னும் என் மேல கோவம்தான். அந்தக் கட்டையை நான் தூக்கிப் போடல, அடுக்களை மாடத்துலதான் இருக்கு. போன வாரம் அவங்க பித்தவெடிப்புக்கு அதைக் கொதிக்க வச்சுக் கால் கழுவிக்கிட்டிருந்தாங்க. என்னைப் பாத்ததும், "இதுக்கும் டாக்டருக்குப் போன் போடணுமாடே?"ன்னாங்க.

"இதுக்கு வேண்டாம் சித்தி"ன்னேன்.